ஒரு கண்ணை மூடிப் பார்ப்போம்

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் பார்வைப் பரிசோதனை நடத்தினேன். சுவரில் அட்டையை மாட்டி, 20 அடி தள்ளிக் கோடு போட்டு, ஒவ்வொருவராக நிறுத்தினேன். நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி வலக்கண்ணை மூடியதும் தடுமாறினாள். மேலே இருந்த பெரிய எழுத்தைத் தவிர எதையும் சொல்ல முடியவில்லை. "இந்தக் கண்ணு எப்பவுமே இப்படித்தான் டீச்சர்" என்றாள். எல்லாருக்கும் ஒரு கண் மங்கலாகத்தான் இருக்கும் என்று 13 வயது வரை நினைத்திருக்கிறாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அவள் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். இரண்டு ஆண்டுகளும் அவளைப் பரிசோதித்தவள் நான். நேரமில்லை என்று இரு கண்களையும் திறந்தபடியே வாசிக்கச் சொல்லி, பதிவேட்டில் 'சரி' என்று எழுதியிருந்தேன்.

மருத்துவமனையில் இதை 'சோம்பேறிக் கண்' என்றார்கள். ஆங்கிலப் பெயர் அம்ப்ளியோப்பியா. உண்மையில் சோம்பல் கண்ணில் இல்லை. சிறு வயதில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான காட்சி வராவிட்டால், மூளை அதை ஒதுக்கிவிட்டு மற்றொரு கண்ணையே நம்பப் பழகிவிடுகிறது. மாறுகண், பிறவிக் கண்புரை, இமை இறக்கம் ஆகியவை காரணமாகலாம். இரு கண்களின் பவரிலும் பெரிய வேறுபாடு இருந்தாலும் இது வரும். இந்த வகையில் கண் பார்க்க அழகாகவே இருக்கும். நல்ல கண் எல்லா வேலையையும் செய்துவிடுவதால் குழந்தையும் குறை சொல்லாது.

"எட்டு வயசு தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாதாமே டீச்சர்?" என்று அவளுடைய அம்மா கேட்டார். பலரும் இப்படித்தான் நம்புகிறோம். ஏழு வயதுக்குள் சிகிச்சை தொடங்குவதே சிறந்தது என்பது உண்மை. ஆனால் அதோடு கதவு அடைபடுவதில்லை. அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 507 பேரிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. 7–12 வயதினரில், கண்ணாடியோடு சிகிச்சையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 53 பேர் அட்டையில் இரண்டு வரியோ அதற்கு மேலோ கூடுதலாக வாசித்தார்கள். கண்ணாடி மட்டும் அணிந்தவர்களில் இது 25 பேர். 13–17 வயதினரில், முன்பு சிகிச்சையே பெறாதவர்களில் 47 பேர் முன்னேறினார்கள். கண்ணாடி மட்டும் அணிந்தவர்களில் 20 பேர். முன்பே சிகிச்சை பெற்ற பதின்வயதினருக்குப் பெரிய பலன் இல்லை. பலருக்கு ஓரளவு குறை மீதமும் இருந்தது.

நம் பகுதியில் இதுவரை யாரும் கண்டுபிடிக்காத பிள்ளைகளே அதிகம் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த ஆய்வு நல்ல செய்திதான்.

சிகிச்சை எளிதானது, பொறுமை வேண்டும். முதலில் சரியான கண்ணாடி. சில மாதம் கழித்தும் போதாவிட்டால், நல்ல கண்ணை மருத்துவர் சொல்லும் நேரம் மட்டும் ஒட்டுப்பட்டையால் மூடி, மங்கிய கண்ணுக்கு அருகில் பார்க்கும் வேலை தரவேண்டும். எங்கள் மாணவி மாலையில் இரண்டு மணி நேரம் பட்டை ஒட்டிக்கொண்டு அம்மாவோடு மல்லிகை கட்டினாள், கதை வாசித்தாள். ஆறு மாதத்தில் மூன்று வரி கூடுதலாக வாசித்தாள். முழுப் பார்வை வரவில்லை. ஆனாலும் மூன்று வரி சிறிதல்ல. சீமைக்கருவேல முள்ளும் பட்டாசும் புழங்கும் ஊரில், நல்ல கண்ணில் அடிபட்டால் மற்றொரு கண்தான் துணை.

நாம் செய்யக்கூடியவை:

• ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிப்போம். விரலிடுக்கில் பார்ப்பார்கள், கையை விட அட்டையால் மறைப்பது நல்லது. கண்ணை அழுத்தக்கூடாது.

• முன்னால் நிற்பவர் சொல்வதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். எழுத்துகளை வலமிருந்து இடமாகவும் கேட்போம்.

• கண்ணாடி அணிபவரைக் கண்ணாடியோடு சோதிப்போம்.

• ஒரு கண் மட்டும் குறைவாக இருந்தால், வயதைப் பார்த்து விட்டுவிடாமல், பள்ளிக்கு வரும் சிறார் நலக் குழுவிடம் சொல்வோம். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ, மதுரையில் குழந்தைகள் கண் பிரிவு உள்ள மருத்துவமனைக்கோ அனுப்புவோம்.

• மருத்துவர் சொல்லாமல் யார் கண்ணையும் கட்டிவிடக்கூடாது. நல்ல கண்ணின் பார்வையும் குறையலாம்.

• பட்டையோடு வருபவரை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வோம். அந்த நேரத்தில் எழுத்து மெதுவாகத்தான் வரும். கூடுதல் நேரம் கொடுப்போம்.

ஒரு மாணவருக்குக் கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும். இந்த ஆண்டு என் பதிவேட்டில் 'சரி' என்ற சொல் இல்லை. வலம், இடம் என்று இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறேன்.