‘நான் கே இல்ல, உன்னை மட்டும்தான் பிடிச்சிருக்கு!’ - பாய்ஸ் லவ் கதைகளில் ஏன் இத்தனை கே கேரக்டர்கள்?

2020-ல் வெளியாகி உலகம் முழுக்க வைரலான தாய்லாந்து சீரிஸ் ‘டுகெதர்’. கல்லூரி மாணவர்கள் டைன், சரவாட் இருவரும்தான் காதல் ஜோடி. அதோடு முடியவில்லை. டைனின் அண்ணனுக்கும் ஒரு ஆண் ஜோடி. சரவாட்டின் தம்பிக்கும் ஒரு ஆண் ஜோடி. மியூசிக் கிளப் தலைவருக்கும்கூட!

‘ஒரே காலேஜ்ல இத்தனை பேரா?’ என்ற கேள்வி ‘பாய்ஸ் லவ்’, சுருக்கமாக பி.எல். கதைகளைப் பார்க்கிற எல்லாருக்கும் ஒருமுறையாவது வரும். இரண்டு ஆண்களின் காதல்தான் பி.எல். என்கிறபோது கே கேரக்டர்கள் இருப்பதில் என்ன ஆச்சரியம்? ஆச்சரியம் வேற இடத்துல இருக்கு. இந்த நாயகர்களில் பலர் தங்களை ‘கே’ என்று சொல்லிக்கொள்வதே இல்லை.

பெண்கள் எழுதியது, பெண்களுக்காக

1970-களின் தொடக்கம். டோக்கியோவின் நெரிமா பகுதியில் ஒரு வாடகை வீட்டில் ஹாகியோ மோட்டோ, டாகேமியா கெய்கோ என்ற இரு இளம் பெண்கள் சேர்ந்து தங்கி மங்கா வரைந்துகொண்டிருந்தார்கள். ஆரம்ப காலத்தில் சிறுமிகளுக்கான மங்காக்களைப் பெரும்பாலும் ஆண்களே வரைந்தார்கள். அதில் நாயகி காத்திருப்பாள், அழுவாள், கடைசியில் அவன் வருவான்.

1971-ல் ஹாகியோ ‘நவம்பர் ஜிம்னாசியம்’ என்ற கதையை வரைந்தார். முதலில் பெண்கள் விடுதிப் பள்ளியில் நடப்பதாகத்தான் யோசித்தாராம். சரியாக வரவில்லை. ஆண்கள் பள்ளியாக மாற்றியதும் கதை ஓடத் தொடங்கியது. டாகேமியாவின் ‘காற்றும் மரமும் பாடும் பாட்டு’ 19-ம் நூற்றாண்டு பிரான்ஸின் ஒரு ஆண்கள் விடுதியில் நடப்பது. இரு சிறுவர்களின் உடல் நெருக்கத்தையும் பாலியல் வன்முறையையும் மறைக்காமல் பேசிய அந்தக் கதைக்கு எடிட்டர்கள் வருடக்கணக்கில் இழுத்தடித்து, 1976-ல்தான் பச்சைக்கொடி காட்டினார்கள்.

ஏன் பையன்கள்? கதையில் ஒரு பெண் இருந்தால் அவளோடு கர்ப்பம், கல்யாணம், ‘யார் வேலையை விடணும்’ என்று எல்லாமே கூட வந்துவிடும். படிக்கிற பெண்ணும் தன்னை அவள் இடத்தில் வைத்தே பார்ப்பாள். இரண்டு பையன்கள் என்றால் இருவரும் சமம். ஆசையையும் பயத்தையும் கொஞ்சம் தள்ளி நின்று, பாதுகாப்பாகப் பார்க்கலாம். அந்தப் பையன்கள் ஜப்பானில் வாழ்ந்த கே ஆண்களின் சாயல் இல்லை. பெண்கள் போட்டுக்கொண்ட முகமூடி என்றே சொல்லலாம்.

அந்த ஃபேமஸ் வசனம்

இங்கிருந்து வந்ததுதான் பி.எல்.-லில் திரும்பத் திரும்பக் கேட்கும் அந்த வசனம்: ‘நான் கே இல்ல, உன்னை மட்டும்தான் பிடிச்சிருக்கு.’ ரொமான்ஸாகப் பார்த்தால் செம. எல்லா விதிகளையும் தாண்டிய காதல்! ஆனால் நிஜமாகவே தன்பாலீர்ப்பாளராக இருக்கும் ஒருவர் இதைப் படித்தால்? ‘உன்னை மாதிரி ஆள் இல்ல நான்’ என்றுதான் காதில் விழும்.

1992-ல் இது வெடித்தது. சாடோ மசாகி என்ற கே எழுத்தாளர் ஒரு சிறு பெண்ணியப் பத்திரிகையில் காட்டமாக எழுதினார். அழகான ஆண்களை மட்டும் ரசித்து, நிஜ கே ஆண்களைக் கண்டுகொள்ளாத இந்தக் கதைகள் எங்களைக் காட்சிப்பொருளாக்குகின்றன என்பது அவர் வாதம். ‘இது உங்களைப் பற்றிய கதையே இல்லை’ என்று சில ரசிகைகள் பதில் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. பிரச்சினையே அதுதான். விவாதம் பல ஆண்டுகள் நீண்டது.

‘டுகெதர்’ சீரிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கதையில் வெளிப்படையாகத் தன்னை கே என்று காட்டிக்கொள்பவன் க்ரீன். அவன் ஒரு காமெடி பீஸ். அவன் தொல்லை தாங்காமல்தான் டைன், சரவாட்டை ‘போலி பாய்ஃபிரெண்ட்’ ஆக நடிக்கச் சொல்கிறான்.

அத்தனை பேருக்கும் ஜோடி சேர்ப்பதற்குப் பின்னால் கணக்கும் இருக்கு. தாய்லாந்தில் இப்படி நடிக்கும் ஜோடிக்கு ‘கூ ஜின்’, அதாவது கற்பனை ஜோடி என்று பெயர். ரசிகர் சந்திப்பு, விளம்பரம் என எல்லாமே ஜோடியாகத்தான் விற்பனையாகும். ஒரு சீரிஸில் மூன்று ஜோடி என்றால், கல்லா மூன்று! சீனாவில் நிலைமை தலைகீழ். அங்கே 2019-ல் வந்த ‘தி அன்டேம்ட்’ தொடரில், நாவலில் இருந்த காதல் தணிக்கைக்குப் பயந்து நட்பாக மாறிவிட்டது.

மாறுகிறதா?

மாறுகிறது, மெதுவாக. 2020-லேயே வந்த ‘ஐ டோல்ட் சன்செட் அபவுட் யூ’ தொடரில், ஃபுகெட்டில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பையன் தன் ஆசையை ஒத்துக்கொள்ளப் பயந்து உடைந்துபோகிறான். 2025 ஜனவரி 23 முதல் தாய்லாந்தில் தன்பாலினத் திருமணம் சட்டபூர்வம். தென்கிழக்கு ஆசியாவிலேயே இதுதான் முதல்முறை. அதைப் போராடிப் பெற்றவர்கள் செயற்பாட்டாளர்கள். சீரிஸ்களுக்கு அந்த கிரெடிட்டைத் தூக்கிக் கொடுப்பது ஓவர்.

பி.எல். மங்காவில் பெயரெடுத்த யோஷினாகா ஃபூமி 2007-ல் தொடங்கிய ‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ இன்னும் ஒரு படி மேலே. ஷிரோ வக்கீல், கென்ஜி முடிதிருத்தக் கலைஞர். நாற்பதுகளில் இருக்கும் இந்த ஜோடி ஒன்றாக வாழ்கிறது. ஷிரோ ஆபீஸில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்கிறார். கென்ஜியோ சலூனில் கஸ்டமரிடமே தன் பார்ட்னரைப் பற்றிப் பேசிவிடுகிறார். ஷிரோவுக்குக் கோபம். மற்றவர்கள் தங்கள் மனைவியைப் பற்றி, குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறார்களே, நான் மட்டும் ஏன் பேசக்கூடாது என்று கென்ஜி கேட்கிறார். ஷிரோவிடம் அதற்குப் பதில் இல்லை.