31-ஆம் இடத்திலிருந்து ஸ்டான்லி கோப்பைக்கு

பாதி சீசன் முடியும் தறுவாயில் பட்டியலின் அடியில் கிடந்த ஓர் ஐஸ் ஹாக்கி அணி, ஐந்தே மாதங்களில் சாம்பியன் ஆனது எப்படி?

2019 ஜனவரி 3, காலை. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் அப்போது 31 அணிகள். புள்ளிப் பட்டியலில் 31-ஆவது பெயர் செயின்ட் லூயிஸ் புளூஸ். ஆடிய 37 ஆட்டங்களில் 15 வெற்றி, 34 புள்ளிகள். அந்த வாரம் இந்த அணிதான் கோப்பையை வெல்லும் என்று யாராவது பந்தயம் கட்டியிருந்தால், ஊரே சிரித்திருக்கும். அதே ஆண்டு ஜூன் 12 இரவு, பாஸ்டன் நகர அரங்கில் ஸ்டான்லி கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தது புளூஸ்.

ஹாக்கி என்றதும் புல்தரையும் தயான்சந்தும் நினைவுக்கு வரும் நமக்கு, இந்த லீக்கின் கணக்கைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். சறுக்குக் காலணி போட்டு, பனித்தளத்தில் ரப்பர் வட்டு ஒன்றை விரட்டும் ஆட்டம் இது. அப்போது ஒவ்வோர் அணிக்கும் சீசனில் 82 ஆட்டங்கள். வென்றால் 2 புள்ளி. கூடுதல் நேரத்துக்குப் போய்த் தோற்றால் 1 புள்ளி. முடிவில் 16 அணிகள் பிளேஆஃபுக்குப் போகும். அங்கே நான்கு சுற்றுகள்; ஒவ்வொன்றும் ஏழு ஆட்டத் தொடர்; முதலில் நான்கு வெல்லும் அணி அடுத்த கட்டத்துக்குப் போகும். அதாவது, கோப்பைக்கு மேலும் 16 வெற்றிகள் வேண்டும்.

அரை நூற்றாண்டு ஏக்கம்

புளூஸ் 1967-இல் பிறந்த அணி. 1968, 1969, 1970 என முதல் மூன்று ஆண்டுகளும் இறுதிச் சுற்றுக்குப் போனது. மூன்றிலும் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் திரும்பியது. 1970-இல் வெற்றி கோலை அடித்துவிட்டு அந்தரத்தில் பறந்தாரே பாஸ்டனின் பாபி ஓர், ஹாக்கி உலகின் மிகப் பிரபலமான அந்தப் புகைப்படம் புளூஸின் தோல்வியைக் காட்டும் படம்தான். பாஸ்டன் அரங்கின் வாசலில் அதைச் சிலையாகவே வைத்திருக்கிறார்கள்.

2017-18 சீசனில் ஒரே ஒரு புள்ளியில் பிளேஆஃப் வாய்ப்பு பறிபோனது. பொது மேலாளர் டக் ஆர்ம்ஸ்ட்ராங் சும்மா இருக்கவில்லை. பஃபலோ அணியிலிருந்து ரயன் ஓரைலியைக் கொண்டுவந்தார். டேவிட் பெரான், டைலர் போசாக், உள்ளூர்ப் பிள்ளையான பாட் மரூன் ஆகியோரும் வந்து சேர்ந்தார்கள். காகிதத்தில் பார்த்தால் பலமான அணி. களத்திலோ ஆளுக்கொரு திசை.

மாற்றினார்கள், மாறவில்லை

2018-19 சீசனின் முதல் 19 ஆட்டங்களில் 7 வெற்றி மட்டுமே. நவம்பர் 19 அன்று பயிற்சியாளர் மைக் யோ நீக்கப்பட்டார். அவர் இடத்துக்குத் தற்காலிகமாக வந்தவர் கிரெய்க் பெருபே. ஆடிய காலத்தில் இந்த லீக்கில் ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல் இறங்கியவர். முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போனவர்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடம் இதுதான். பயிற்சியாளர் மாறியதும் அணி எழுந்துவிடவில்லை. பெருபே தலைமையில் அடுத்த 18 ஆட்டங்களில் வெற்றி 8 மட்டுமே. டிசம்பரில், பயிற்சியின்போதே ராபர்ட் போர்ட்டுஸோவும் சாக் சான்ஃபோர்டும் கைகலப்பில் இறங்கினார்கள். அந்தக் காணொளி ஊரெல்லாம் சுற்றியது. நட்சத்திர வீரர்களை விற்றுவிட்டு அடியிலிருந்து தொடங்குங்கள் என்ற பேச்சு வலுத்தது. விளாடிமிர் தாராசென்கோ, கேப்டன் அலெக்ஸ் பியட்ராஞ்சலோ பெயர்கள்கூட அதில் அடிபட்டன. ஆர்ம்ஸ்ட்ராங் அவர்களை விற்கவில்லை.

பெருபே கேட்டது அலங்காரமில்லாத ஆட்டம். வட்டை நேராக எதிரணிப் பகுதிக்குள் தள்ளு, துரத்திப் போய் இடித்துப் பறி, உன் பொறுப்பிலிருந்து நழுவாதே. இது உடம்பில் ஊற வாரங்கள் பிடித்தன. ஒரு பெரிய ஓட்டை மட்டும் அடைபடாமலே இருந்தது: கோல்கீப்பர் இடம்.

வரிசையின் கடைசி ஆள்

ஜோர்டன் பின்னிங்டன் 2011-இல் லீக்கின் புதுமுக வீரர் தேர்வில் மூன்றாம் சுற்றில் தேர்வானவர். ஏழு ஆண்டுகளாகியும் பெரிய லீக்கில் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் தொடங்கியதில்லை. 2017-18-இல் புளூஸுக்கென்று தனியாக இரண்டாம் நிலை அணி இல்லாததால், அவரை இரவல் கொடுத்தார்கள். யாருக்கு? பாஸ்டனின் இரண்டாம் நிலை அணியான பிராவிடன்ஸுக்கு. சீசன் தொடங்கியபோது கோல்கீப்பர் வரிசையில் அவருக்கு முன்னால் வேறு பெயர்கள் இருந்தன. 2019 ஜனவரி 7, ஃபிலடெல்ஃபியாவில் முதல் வாய்ப்பு வந்தது. 25 அடிகளைத் தடுத்தார். புளூஸ் 3-0 என வென்றது. அப்போது அவருக்கு வயது 25.

முந்தைய நாள் மாலை அதே ஊரில் சில வீரர்கள் ஒரு மதுக்கூடத்தில் அமெரிக்கக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளைகளில் லாரா பிரானிகன் 1982-இல் பாடிய 'குளோரியா' ஒலிக்கும்போதெல்லாம் கூட்டம் எழுந்து ஆடியது. அதையே தங்கள் வெற்றிப் பாட்டாக வைத்துக்கொண்டார்கள். பிறகு செயின்ட் லூயிஸ் முழுக்க அந்தப் பாட்டுதான்.

ஜனவரி 23 முதல் பிப்ரவரி 19 வரை தொடர்ந்து 11 வெற்றிகள். அணியின் வரலாற்றிலேயே அதிகம். பின்னிங்டன் 24 வெற்றிகள் தந்தார். ஆட்டத்துக்குச் சராசரியாக 1.89 கோல்தான் விட்டார். பின்னால் நிற்பவர் மேல் நம்பிக்கை பிறந்ததும், முன்னால் ஆடுபவர்கள் தயக்கமின்றிப் பாய்ந்தார்கள். ஜனவரி 3-க்குப் பிந்தைய 45 ஆட்டங்களில் 30 வெற்றி. 34 புள்ளிகளில் கிடந்த அணி 99 புள்ளிகளோடு பிளேஆஃபுக்குள் நுழைந்தது.

ஒரு கையும் ஏழாவது ஆட்டமும்

முதல் சுற்றில் வின்னிபெக் வீழ்ந்தது. டல்லாஸுடன் ஏழாவது ஆட்டம் இரண்டாம் கூடுதல் நேரம் வரை இழுத்தது. முடித்துவைத்தவர் உள்ளூர்க்காரர் மரூன். சான் ஹோசேயுடனான மூன்றாவது ஆட்டத்தில், எதிரணி வீரர் கையால் தட்டிவிட்ட வட்டு கோலானது. நடுவர்கள் யாரும் கவனிக்கவில்லை, தோல்வி புளூஸுக்கு. புலம்பிக்கொண்டே தொடரைக் கோட்டைவிட அது போதுமான காரணம். பெருபே புலம்பலுக்கு இடம் தரவில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றார்கள். மூன்றிலும் சேர்த்து விட்டது இரண்டே கோல். கையால் தள்ளிய வட்டைக் காணொளியில் சரிபார்க்கலாம் என்று பிறகு விதியையே திருத்தியது லீக்.

இறுதிச் சுற்றில் மீண்டும் பாஸ்டன். மூன்றாவது ஆட்டத்தில் 7-2 என அடி. பின்னிங்டனைப் பாதியில் வெளியே எடுத்தார்கள். ஆறாவது ஆட்டத்தில், சொந்த மண்ணில் கோப்பை காத்திருக்க, 5-1 என மறுபடி தோல்வி. ஏழாவது ஆட்டம் பாஸ்டனில். முதல் 20 நிமிடம் எதிரணி அலையலையாக வந்தது. 12 அடிகளையும் பின்னிங்டன் நிறுத்தினார். புளூஸ் அடித்ததோ நான்கு; அதில் இரண்டு கோல், ஓரைலியும் பியட்ராஞ்சலோவும் அடித்தவை. முடிவு 4-1. நான்காவது கோல், பயிற்சியில் கைகலந்த சான்ஃபோர்டுடையது. ஓரைலிக்கு பிளேஆஃபின் சிறந்த வீரர் விருது. 16 வெற்றிகளையும் பெற்ற முதல் அறிமுக ஆண்டு கோல்கீப்பர் என்ற பெருமை பின்னிங்டனுக்கு.

அடுத்த ஆண்டு இதே அணி முதல் சுற்றிலேயே வான்கூவரிடம் தோற்றது. ஆகவே இதில் மந்திரம் எதுவும் இல்லை. தேர்வு சரியாக இருந்தது, ஆட்டமுறை எளிமையானது, பலவீனமான ஓரிடத்துக்குச் சரியான ஆள் கிடைத்தார். இவை மூன்றும் கைகூடும்வரை அணியைக் கலைக்காமல் வைத்திருந்ததுதான் ஆர்ம்ஸ்ட்ராங் எடுத்த மிகப் பெரிய முடிவு. நாலு தோல்வி கண்டதும் மொத்த அணியையும் மாற்று என்று குரல் கொடுக்கும் ரசிகர்களும் நிர்வாகிகளும், ஜனவரி 3-ஆம் தேதிப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.