முகம் காணா நம்பிக்கை

முன்பின் அறியாதவனிடம் பொருளை ஒப்படைக்க மனிதன் எவ்வளவு தூரம் துணிவான் என்பதை எண்ணால் அளந்து காட்டியவர்கள் ஜாய்ஸ் பெர்க், ஜான் டிக்ஹாட், கெவின் மெக்கேப் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள். 1995-இல் வெளியான அவர்களது பரிசோதனையில், வெவ்வேறு அறைகளில் அமர்ந்து, ஒருவர் முகத்தை மற்றவர் காணாமலும் பெயரை அறியாமலும் இருந்த இருவருக்குத் தலா 10 டாலர் வழங்கப்பட்டது. முதலாமவர் அனுப்பும் தொகை மும்மடங்காகி மற்றவரை அடையும். அதில் ஏதேனும் திருப்பித் தருவதும் முழுவதையும் விழுங்கிவிடுவதும் பெற்றவரின் சித்தம். சுயலாபம் ஒன்றையே கருதுபவன் ஒரு காசும் அனுப்பமாட்டான் என்பது பொருளாதார சாஸ்திரத்தின் கணக்கு. ஆயினும் 32 பேரில் 30 பேர் அனுப்பினார்கள், அதுவும் சராசரியாகக் கையிருப்பில் பாதிக்குச் சற்று மேலாகவே. திரும்பி வந்ததோ அதைவிடச் சிறிது குறைவு.

இந்தச் சுபாவம் கணினித் திரைக்கு இருபுறமும் அமர்ந்தவர்களிடம் என்ன ஆகிறது? மிஷிகன் பல்கலைக்கழகத்தில் நேதன் பாஸ் முதலியோர் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூவர் மூவராக 66 குழுக்கள் ஒரு முதலீட்டு விளையாட்டில் இறங்கின. பொதுநிதியில் இட்டால் யாவருக்கும் நன்மை, தனக்கென ஒதுக்கிக்கொண்டால் தனக்கு மட்டும் கூடுதல் ஆதாயம். இடையிடையே கலந்து பேசச் சிலருக்கு நேர்ச் சந்திப்பும், சிலருக்கு வீடியோவும், சிலருக்குக் குரல் மட்டுமும், எஞ்சியோருக்குத் தட்டச்சு செய்யும் எழுத்தும் வாய்த்தன. நேரில் சந்தித்தவர்களிடையே ஒத்துழைப்பு விரைவில் வேரூன்றியது. வீடியோவிலும் குரலிலும் பேசியவர்கள் தாமதமாகவேனும் ஏறத்தாழ அந்த நிலையை எட்டினாலும், சமயம் பார்த்து வாக்கை மீறுவது அவர்களிடையே எளிதாயிற்று. எழுத்தை மட்டும் நம்பியவர்களோ பின்தங்கியே நின்றார்கள்.

எனினும் குற்றம் எழுத்தினுடையதன்று. அதே ஆண்டில் அதே குழுவினர் கண்ட மற்றொரு முடிவின்படி, விளையாட்டுக்கு முன்பு சிறிது நேரம் எழுத்திலேயே ஊர் உலகம் பேசிப் பரிச்சயம் செய்துகொண்டவர்கள், நேரில் சந்தித்தவர்களுக்கு அநேகமாக ஈடாகவே நடந்துகொண்டார்கள். புகைப்படத்தை மட்டும் பார்த்தவர்களிடமும் ஓரளவு பலன் தெரிந்தது.

பரிச்சயத்துக்கு அவகாசமில்லாத இணையச் சந்தையில் அதன் ஸ்தானத்தை வகிப்பது நடத்தைச் சரித்திரம். நற்பெயர் பெற்ற ஈபே வியாபாரி ஒருவர், ஒரே தரமான பழைய தபால் அட்டைகளைத் தம் பெயரிலும் புதிய பெயர்களிலும் விற்றபோது, பழைய பெயருக்கு 8.1 சதவீதம் அதிக விலை கிடைத்ததாக 2006-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது.

ஆனால் அந்தச் சரித்திரம் ஒருவன் செய்ததற்குச் சாட்சி. பரிச்சயமோ அவன் பேசியதற்கு மட்டுமே சாட்சி. வாரக்கணக்கில் குசலம் விசாரித்துவிட்டுப் பிறகு பணம் கேட்கும் வஞ்சகன், ஆராய்ச்சிக் கட்டுரை எதையும் படிக்காமலே இதை அறிந்து வைத்திருக்கிறான். அவனிடம் பணம் அனுப்பப் புறப்படுகிறவர்களும் அறிந்துகொள்வது நல்லது.