சி மொழி நூலகங்களில் இயங்குதள இடையடுக்கின் வடிவமைப்பு: எஸ்கியூலைட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரே சி மொழி நூலகம் பல இயங்குதளங்களில் பிழையின்றிச் செயற்பட வேண்டுமெனில், இயங்குதளத்தைச் சார்ந்த பணிகள் அனைத்தும் தனியோர் இடையடுக்கில் ஒதுக்கப்பட வேண்டும். எஸ்கியூலைட் தரவுத்தள நூலகத்தின் விஎஃப்எஸ் என்னும் இடையடுக்கைச் சான்றாகக் கொண்டு அத்தகைய அடுக்கின் எல்லை, அமைப்பு, பொருள் வரையறை, விரிவாக்கம், சோதனை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சி மொழி, இயங்குதளம், இடையடுக்கு, கோப்புப் பூட்டு, எஸ்கியூலைட்

முன்னுரை

சி மொழிக்கு 1989ஆம் ஆண்டிலேயே தர வரையறை அமைந்தது. எனினும் அதன் செந்தர நூலகம் கோப்பைத் திறத்தல், படித்தல், எழுதுதல் முதலிய பொதுப்பணிகளோடு நின்றுவிடுகிறது. கோப்பின் ஒரு பகுதியைப் பூட்டுவதற்கோ, எழுதிய தரவு வன்தட்டைச் சென்றடைந்ததை உறுதிசெய்வதற்கோ அதில் வழியில்லை. எஃப்ஃபிளஷ் என்னும் செயற்கூறு தரவை நிரலின் இடைநினைவகத்திலிருந்து இயங்குதளத்திடம் ஒப்படைக்குமேயன்றி, மின்தடையிலிருந்து அதனைக் காக்காது. எனவே, தரவின் பாதுகாப்பைப் பொறுப்பேற்கும் எந்த நூலகமும் இயங்குதளத்தை நேரடியாக நாட வேண்டியுள்ளது. அங்கேதான் இயங்குதளங்கள் தம்முள் வேறுபடுகின்றன.

இடையடுக்கின் எல்லையும் அமைப்பும்

ரிச்சர்டு ஹிப் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்கியூலைட், 2007ஆம் ஆண்டின் 3.5.0 பதிப்பில் விஎஃப்எஸ் இடைமுகத்தைப் பெற்றது. அதன் சிறப்பு அதன் குறுகிய எல்லையாகும். இயங்குதளம் வழங்கும் வசதிகள் அனைத்தையும் அது தழுவ முற்படவில்லை; தரவுத்தளத்திற்குத் தேவையானவற்றை மட்டுமே கேட்கிறது.

இவ்வடுக்கு இரு கட்டமைப்புகளைக் கொண்டது. முதலாவது இயங்குதளத்தைக் குறிப்பது; கோப்பைத் திறத்தல், அழித்தல், முழுப்பாதையை அறிதல், நேரம், காத்திருப்பு முதலிய பணிகளுக்கான செயற்கூறுகளின் சுட்டிகள் இதில் இடம்பெறும். இரண்டாவது, திறந்த கோப்பைக் குறிப்பது. அதன் முதல் பதிப்பில் படித்தல், எழுதுதல், பூட்டுதல் உள்ளிட்ட 12 செயற்கூறுகள் இருந்தன. கோப்புக்கான நினைவகத்தை மைய நிரலே ஒதுக்குகிறது. எத்தனை பைட்டுகள் தேவை என்பதை மட்டும் இடையடுக்கு முன்கூட்டியே அறிவிக்கும். இதனால் மைய நிரல் ஓர் இயங்குதளத்தின் உள்விவரத்தை அறியாமலேயே அதன் கோப்புகளைக் கையாள முடிகிறது.

ஒரே பெயர், வேறு பொருள்

செயற்கூறுகளின் பெயர்களை மாற்றியமைப்பது எளிது. அவற்றின் பொருளை ஒருமைப்படுத்துவதே கடினம். இதனை மூன்று சான்றுகள் புலப்படுத்தும்.

முதலாவது, பூட்டு. போசிக்ஸ் தரத்தின்படி கோப்புப் பூட்டு, திறந்த கோப்பிற்கன்றி முழுச் செயல்முறைக்கு உரியது. ஒரு செயல்முறை ஒரே கோப்பை இருமுறை திறந்து, அவற்றுள் ஒன்றை மூடினால், மற்றதன்வழிப் பெற்ற பூட்டுகளும் நீங்கிவிடும். பூட்டு நீங்கியதை அறியாத நிரல் தொடர்ந்து எழுதினால் தரவுத்தளம் சிதையும். ஆகவே எஸ்கியூலைட்டின் யுனிக்ஸ் அடுக்கு, ஒரே கோப்பைக் குறிக்கும் திறப்புகளைத் தொகுத்துக் கணக்கிட்டு, பூட்டுகள் நிலுவையில் உள்ளவரை மூடுதலைத் தள்ளிவைக்கிறது.

இரண்டாவது, வன்தட்டில் பதித்தல். மேக் இயங்குதளத்தில் எஃப்சிங்க் அழைப்பு தரவை வன்தட்டுக் கருவிக்கு அனுப்பும். ஆனால் கருவியின் உள் இடைநினைவகத்திலிருந்து அது நிலையாகப் பதிந்ததை உறுதிசெய்யாது. அதற்கெனத் தனிக் கட்டளை உண்டு. அக்கட்டளை வேகத்தைக் குறைப்பதால், எஸ்கியூலைட் அதனைப் பயனரின் தெரிவாக வைத்துள்ளது.

மூன்றாவது, அழித்தல். யுனிக்ஸில் திறந்திருக்கும் கோப்பையும் அழிக்கலாம். விண்டோசில், உரிய பகிர்வு அனுமதியின்றி வேறொரு நிரல் அதனைத் திறந்திருந்தால் அழித்தல் தோல்வியுறும். நச்சுநிரல் தடுப்பான் ஒரு கணம் கோப்பைத் திறந்திருப்பதே இதற்குப் போதுமானது. எனவே விண்டோசு அடுக்கு இயல்பாக 10 முறை வரை, காத்திருப்பைப் படிப்படியாக நீட்டித்து, மீண்டும் முயல்கிறது. மைய நிரலுக்கு இவ்வேறுபாடு தெரிவதில்லை.

ஒப்பந்தத்தின் நுட்பம்

இடைமுகத்தின் உடன்படிக்கை விளிம்புநிலைகளையும் வரையறுக்க வேண்டும். கோப்பின் இறுதியைத் தாண்டிப் படிக்க நேரின், கிடைத்த பைட்டுகளை அளித்து, எஞ்சிய இடத்தைச் சுழியத்தால் நிரப்பி, குறைப்படிப்பு என்னும் பிழைக்குறியைத் திருப்ப வேண்டும் என்பது விஎஃப்எஸ் விதி. சுழியத்தால் நிரப்பத் தவறும் அடுக்கு முதலில் சரியாகவே இயங்குவதுபோல் தோன்றும்; ஆனால் நாளடைவில் தரவுச் சிதைவுக்கு வழிவகுக்கும். எழுதப்படாத விதி ஒவ்வொரு நிரலாளராலும் வெவ்வேறு வகையில் ஊகிக்கப்படும் என்பதால், இத்தகைய விதிகளை ஆவணப்படுத்துவது இன்றியமையாதது.

விரிவாக்கமும் சோதனையும்

இரு கட்டமைப்புகளிலும் பதிப்பெண்ணுக்கு ஓர் இடம் உண்டு. 2010ஆம் ஆண்டில் பகிர்நினைவகத்திற்கு நான்கும், 2013ஆம் ஆண்டில் நினைவகப் படமாக்கத்திற்கு இரண்டும் எனக் கோப்புக் கட்டமைப்பின் இறுதியில் செயற்கூறுகள் சேர்க்கப்பட்டன. மைய நிரல் பதிப்பெண்ணை நோக்கிய பின்னரே புதியவற்றை அழைக்கும்; ஆதலால் பழைய அடுக்குகளும் தொடர்ந்து பயன்படுகின்றன.

இவ்வமைப்பின் மற்றொரு பயன் சோதனையில் விளங்குகிறது. உண்மையான இயங்குதளத்திற்கு மாற்றாக, வேண்டுமென்றே எழுதுதலைத் தவறவிடும் அல்லது மின்தடையைப் போலச் செய்யும் போலி அடுக்கைப் பொருத்தலாம். அதன்பின் தரவுத்தளம் தன்னை மீட்டுக்கொள்கிறதா என்பதை மீண்டும் மீண்டும் ஆராயலாம். மெய்யான கணினியில் இத்தகைய விபத்துகளை விரும்பிய கணத்தில் நிகழ்த்துவது அரிது.

முடிவுரை

இயங்குதள இடையடுக்கு பெயர்மாற்றப் பட்டியலன்று; பொருள் வேறுபாடுகளை ஏற்று நேர்செய்யும் பொறுப்பு அதற்குரியது. குறுகிய எல்லை, தெளிவான உடன்படிக்கை, பதிப்பெண் வழி வளர்ச்சி, போலி அடுக்கின் வழிச் சோதனை ஆகிய நான்கும் எஸ்கியூலைட்டின் அமைப்பிலிருந்து பெறப்படும் நெறிகளாகும். கோப்புகளை மட்டுமன்றி, வலைத்தொடர்பு, இழைகள், நேரம் ஆகியவற்றைக் கையாளும் நூலகங்களுக்கும் இந்நெறிகள் பொருந்தும்.