பற்றரியைக் குறை சொல்ல முன் மீற்றரை வையுங்கள்



கடந்த குளிர்காலத்தில் ஒருநாள், வேலைக்குப் போகிற நேரத்தில் என் அக்காவின் மகன் வந்து கதவைத் தட்டினான். சவுத்தாலில் ஸ்கூட்டரில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது அவன் தொழில். "மாமா, ஸ்ரார்ட் வருகுதில்லை. போன மாதம்தான் புதுப் பற்றரி போட்டனான். இது மூன்றாவது" என்றான். மூன்று பற்றரிக்குக் காசு போய்விட்டது. ஒருவரும் மீற்றர் வைத்துப் பார்க்கவில்லை. வண்டி நின்றால் அன்றைக்கு அவனுக்குச் சம்பளமும் இல்லை.

எங்கள் வயதினருக்கு இது புதினமாக இருக்கும். 1990க்குப் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோம். அந்நாளைய சிறிய வண்டிகள் பலவற்றில் பற்றரி செத்தாலும் உதைத்தால் எஞ்சின் கிளம்பும். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் உதைக்கும் மிதியே இல்லை. பெற்றோல் பம்புக்கும் மின்சாரம் வேண்டும். பற்றரி இறங்கினால் எல்லாம் நின்றுவிடும்.

முதலில் காதைக் கொடுங்கள். ஸ்ராட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால், பெற்றோலையும் பிளக்கையும் பாருங்கள். 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டால் பற்றரி இறங்கியிருக்கலாம், அல்லது அதன் முனைகள் இளகியோ பூத்தோ இருக்கலாம். ஒரு சத்தமும் இல்லையென்றால் பியூஸ், சிவப்பு நிறுத்தும் சுவிட்ச், பக்கத் தாங்கி, பிரேக் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள்.

பிறகு மீற்றர். பத்துப் பவுண் அளவில் வாங்கலாம். நேரோட்ட அளவில் வைத்து, பற்றரியின் இரு முனைகளிலும் மூன்று தடவை அளவுங்கள்.

1. வண்டி சில மணித்தியாலம் ஓய்ந்து நின்ற பின்: 12.6 முதல் 12.8 வோல்ற் வரை நல்லது. 12.4 என்றால் சார்ஜ் பண்ண வேண்டும். 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட வெறுமை.

2. ஸ்ராட்டரை அமத்தும்போது: நன்கு சார்ஜ் ஏறிய பற்றரி 9.5க்குக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனம்.

3. எஞ்சின் ஓடும்போது சற்று முறுக்கி: 13.5 முதல் 14.5 வரை வரவேண்டும். ஏறாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் பிழை. அது பற்றரியைக் கொதிக்கவைத்துக் கெடுக்கும்.

மருமகனின் பற்றரியை இரவு முழுக்கச் சார்ஜ் போட்டோம். காலையில் 12.7. ஸ்ராட்டரும் நன்றாகச் சுற்றியது. ஆனால் எஞ்சின் ஓடும்போது 12.3தான். முறுக்க முறுக்க அளவு ஏறவில்லை. குற்றவாளி பற்றரி அல்ல!

தடைக்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்களுக்கு மிச்சம் இலகுவாக விளங்கும். டைனமோவில் வருவது ஆடலோட்டம். டயோட் போட்டு நேரோட்டமாக்கித்தான் வானொலிக்குக் கொடுத்தோம். மோட்டார் சைக்கிளிலும் எஞ்சினோடு சுற்றும் ஜெனறேற்றர் ஆடலோட்டம் தருகிறது. ரெகுலேற்றர் அதை நேரோட்டமாக்கி, அளவாகப் பற்றரிக்கு அனுப்புகிறது. அவனது வண்டியில் ஜெனறேற்றரின் மூன்று மஞ்சள் வயர்களுக்கிடையே அளவு சமமாக வந்தது. ரெகுலேற்றருக்குப் போகும் பிளக்கோ கருகி உருகியிருந்தது. ரெகுலேற்றரையும் பிளக்கையும் மாற்றினோம். அதே மூன்றாவது பற்றரியோடு இன்றும் ஓடுகிறான். ஸ்ராட்டரும் ஜெனறேற்றரும் ஒன்றாக உள்ள புதிய ஸ்கூட்டர்களில் இந்தக் கட்டத்தை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இன்னொன்று. குளிரில் பற்றரியின் பலம் குறையும். புறோட்வே நெரிசலில் நின்று நின்று, லைற்றோடும் சூடாக்கும் கைப்பிடியோடும் சிறுதூரம் ஓடினால், செலவாகிற அளவு சார்ஜ் திரும்ப ஏறாது. அப்படி ஓடுபவர்கள் வாரம் ஒருமுறை வீட்டில் சார்ஜர் போடுங்கள். லிதியம் பற்றரி என்றால் அதற்குரிய சார்ஜரே வேண்டும்.

கவனம்: கழற்றும்போது முதலில் மறை முனை, பூட்டும்போது முதலில் நேர் முனை. எஞ்சின் ஓடும்போது பற்றரியைக் கழற்றவே வேண்டாம். சார்ஜ் ஏறும் பற்றரிக்குக் கிட்ட நெருப்புக் கூடாது. பழைய பற்றரியைக் குப்பைவாளியில் போடாதீர்கள். மீள்சுழற்சி நிலையத்தில் கொடுங்கள்.

பிள்ளைகள் புதுப் பற்றரிக்குக் காசு கேட்டால், "ஓடேக்க எத்தனை வோல்ற்?" என்று முதலில் கேளுங்கள்.