மூளையைக் காப்பது மாத்திரையா, நேரமா?

திற்பரப்பில் ரப்பர் பால்வெட்டும் என் சித்தப்பாவுக்கு ஒருநாள் விடியற்காலையில் வலது கை தளர்ந்தது, பேச்சு குழறியது. சற்றுப் படுத்தால் சரியாகிவிடும் என்று வீட்டார் எண்ணினோம். மருத்துவமனையை அடைந்தபோது நண்பகல் கடந்திருந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் தவறிவிட்டது. இப்போது மூளையைக் காக்கும் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' மாத்திரைகளை ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். "அதெல்லாம் வாங்கிக் கொடுக்கலாமா?" என்று சித்தி கேட்டார்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ரத்தக்குழாய் அடைபட்டால் நரம்பணுக்கள் ஆக்சிஜனின்றித் தவிக்கின்றன. அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பும்போதோ, 'ஃப்ரீ ரேடிக்கல்' எனப்படும் வினைத்துடிப்பு மிக்க மூலக்கூறுகள் பெருகி, கொழுப்பு நிறைந்த அணுச்சவ்வுகளைச் சிதைக்கின்றன. அவற்றை அடக்குவதே ஆன்டிஆக்ஸிடன்ட் சிகிச்சையின் நோக்கம்.

ஆய்வுக்கூடத்தில் இது பலித்தது; மனிதர்களிடம் பலிப்பது கடினமாக இருக்கிறது. 'என்எக்ஸ்ஒய்-059' என்ற மருந்து விலங்குகளில் மூளைச் சேதத்தைக் குறைத்தது. 2006இல் வெளியான முதல் பெரிய ஆய்விலும் சிறு பயன் தென்பட்டது. ஆனால், 3,300 பேருக்கு மேல் பங்கேற்ற அடுத்த ஆய்வு, 2007இல் பயனில்லை என்று காட்டியது. ஆய்வுக்கூட எலிகள் பெரும்பாலும் இளமையும் நலமும் உடையவை. மருந்தும் உடனே கிடைக்கிறது. நம் நோயாளிகளோ முதியவர்கள், சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள், பல மணி நேரம் கழித்து வருபவர்கள்.

'எடரவோன்' என்ற மருந்துக்கு ஜப்பான் 2001இல் பக்கவாதத்துக்காக அனுமதி அளித்தது. இந்தியாவிலும் அது பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால், அது தொடக்க நேரத்தில் நரம்புவழி செலுத்தப்படும் மருந்து. மாதங்கள் கழித்து விழுங்கும் மாத்திரை அன்று. அமெரிக்க வழிகாட்டு நெறிகள் இவ்வகை மூளைக்காப்பு மருந்துகள் எதையும் பரிந்துரைக்கவில்லை.

ஆகவே, சித்தியிடம் சொன்னேன்: அந்தப் பணத்தை இயன்முறைப் பயிற்சிக்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கும் செலவிடுங்கள்.

மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும் பயணமே அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் எடுக்கும்முன் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.

மூளையைக் காக்கும் மருந்து நாளை வரலாம். அதுவும் நேரத்தோடு வருபவர்களுக்கே உதவும்.