கண்ணை மறைக்கும் விளக்கு

எடப்பாடியில் ராத்திரி ஷிப்ட் ஓடும் விசைத்தறிக் கொட்டகைக்குள் போய்ப் பாருங்கள். தறிக்கு நேர் மேலே ஒற்றை விளக்கு எரிந்தால், கீழே நிற்பவரின் நெற்றியும் மூக்குத்தண்டும் பளிச்சென்று தெரியும்; கண்குழி மட்டும் இருண்டு கிடக்கும். கலகலவென்று பேசுகிற ஆள்கூட எதையோ மனசுக்குள் வைத்திருப்பவர் போலத் தோன்றுவார். கண் தெரியாவிட்டால் எதிராளியின் எண்ணம் பிடிபடாது.

சினிமாக்காரர்கள் இதை 'டாப் லைட்' என்பார்கள். 1972இல் வந்த 'காட்ஃபாதர்' படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் மார்லன் பிராண்டோவை இப்படித்தான் காட்டினார். 'நாயகன்' (1987) படத்தில் பி.சி.ஸ்ரீராமும் அந்த வழியில் போனார். அதன் நாயகன் வேலு நாயக்கரை நல்லவர் கணக்கில் சேர்ப்பதா, கெட்டவர் கணக்கில் சேர்ப்பதா என்ற குழப்பத்தை, பாதி இருண்ட அந்த முகமே நமக்குள் கிளப்பிவிடுகிறது.

வழக்கமாக ஒரு முகத்துக்கு மூன்று விளக்கு. முக்கிய வெளிச்சம் தருவது கீ லைட். அதனால் விழும் நிழலைத் தணிப்பது ஃபில் லைட். பின்னாலிருந்து முடியிலும் தோளிலும் ஓரக்கோடு போடுவது பேக் லைட். ஃபில்லைத் தாராளமாக விட்டால் சிரிப்புப் படத்தின் தோரணை. அணைத்தால் அதே நடிகர், அதே வசனம், வயிற்றைக் கலக்கும். ஃபில்லுக்கு விளக்கே வேண்டுமென்பதும் இல்லை. ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்தே நம் லைட்மேன்கள் காரியத்தை முடித்துவிடுவார்கள்.

பேக் லைட்டின் அருமை தெரிய வேண்டுமானால் சேலத்துக்கே வரவேண்டும். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவைக் கட்டி எழுப்பிய டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். (நெசவுப் பூமிக்கும் சினிமாவுக்கும் அப்போதே ஒட்டு உண்டு.) அங்கே உருவான 'மந்திரிகுமாரி' (1950) கறுப்பு வெள்ளைப் படம். கறுப்பு வெள்ளையில் சிவப்புப் புடவையும் பச்சைச் சுவரும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடக்கூடும். பின்னாலிருந்து ஒரு வெளிச்சக்கோடு விழுந்தால்தான் ஆள் சுவரிலிருந்து பிரிந்து நிற்பார்.

1956இல் அதே நிறுவனம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கேவாகலர் என்ற வண்ண ஃபிலிமில் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். ஆளைப் பிரித்துக் காட்டும் வேலையில் பாதியை நிறமே எடுத்துக்கொண்டது. அன்றைய வண்ண ஃபிலிமுக்கு வெளிச்சம் ஏராளமாகத் தேவைப்பட்டதால், எங்கும் விளக்கைக் கொட்டினார்கள். நிழலுக்கு வேலை குறைந்தது. என்னைக் கேட்டால், அதற்குப் பின் வந்த வண்ணப் படங்கள் பலவற்றில் கள்ளன் குகையும் கல்யாண மண்டபமும் ஒரே பிரகாசம்தான்.

வண்ணத்துக்குள் நிழலைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பாலு மகேந்திரா. ஜன்னல் வழியே வரும் வெயிலே போதும் என்று நம்பியவர். 'மூன்றாம் பிறை' (1982) அவருக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதை வாங்கித் தந்தது.